மினிட்ஸ் நோட்டில் இரண்டு தீர்மானங்கள்

நான் செயலாளராக இருந்த இரண்டு வருடமும் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டு என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. சிவப்புத் துணி ஒட்டிய முதுகு, நீளவாக்கு நோட்டு. போன வருடம் ஏப்ரலில் புதிய செயலாளரிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் சும்மா ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தேன். 2023 ஆகஸ்ட் கூட்டத்தின் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஒரே பக்கத்தில் நான்காம் தீர்மானமும் ஐந்தாம் தீர்மானமும். நான்காவது: “பம்ப் ஆபரேட்டர் பணிக்கு விண்ணப்பித்த நபருக்குக் குற்றப் பின்னணி இருப்பது தெரியவந்ததால் அவரைப் பணியில் சேர்ப்பதில்லை என முடிவு செய்யப்பட்டது.” ஐந்தாவது: “கார்ப்பஸ் நிதியில் ஏற்பட்ட ரூ.1,80,000 கணக்கு வேறுபாட்டை முன்னாள் பொருளாளர் மாதம் ரூ.20,000 வீதம் 9 தவணைகளில் சரிசெய்ய ஒப்புக்கொண்டார். அவருடைய நீண்டகாலச் சேவைக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது.”

இரண்டும் என் கையெழுத்து. கீழே ஏழு பேர் ஒப்பமிட்டிருக்கிறோம், முதல் ஒப்பம் என்னுடையது. எழுதிய அன்று எனக்கு எதுவும் உறுத்தவில்லை. கூட்டம் முடிந்ததும் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். இருபது மாதம் கழித்துப் படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அப்போது என் அண்ணன் மகள் இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னை வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கிறாள். நோட்டை அவளிடம் நீட்டினேன். ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டு, “சித்தப்பா, இதுல யாரு குற்றவாளி?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அன்றிலிருந்து அவள் புத்தகங்களையும் நோட்ஸையும் வாங்கி வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் பாதி, அந்தப் பக்கத்தின் பாதி.

பம்ப் ரூம்

அந்தப் பையனுக்கு அப்போது 24 வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். பழைய ஆபரேட்டர் திடீரென ஊருக்குப் போய்விட்டதால், அவசரத்துக்கு நான்கு நாள் வந்து பார்க்கச் சொல்லியிருந்தோம். 48 வீடு, இரண்டு பிளாக், ஒரு சம்ப், இரண்டு போர், ஒரு ஜெனரேட்டர். பேனல் போர்டில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எல்லாம் பழைய ஆபரேட்டரின் தலைக்குள் இருந்தது. இவன் இரண்டாம் நாளே ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்து, வெள்ளை இன்சுலேஷன் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, மேலே மார்க்கரால் எழுதி வைத்தான். ‘ஏ பிளாக் சம்ப்’, ‘பி பிளாக் போர்’, ‘தோட்டம்’, ‘கழிவுநீர் – தொட வேண்டாம்’. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் இரவு பி பிளாக்குக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவன் வீட்டுக்குப் போயிருந்தான். நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், அவன் எழுதியதைப் படித்து, சரியான ஸ்விட்சைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஏறியது.

வேலைக்கு எடுக்கும் முன் போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும் என்பது எங்கள் விதி. நான்காம் நாள் அது வந்தது. ஒரு வழக்கு, சிட்டி போலீஸ் ஆக்ட் பிரிவு 75, ஐந்து வருடத்துக்கு முந்தையது, அபராதம் கட்டி முடிந்தது. ‘75 கேஸ்’ என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெருவில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டது, திருவிழா ராத்திரி நாலு பேர் கூடித் தகராறு செய்தது, இந்த மாதிரி விஷயங்களுக்குப் போடுவது. 1888-ம் வருடச் சட்டம். 19 வயதில் ஒரு ராத்திரி. அதற்கு மேல் அந்தத் தாளில் எதுவும் இல்லை. ஆனால் முகவரி இருந்தது, குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றியவர்களைக் குடியேற்றிய கண்ணகி நகர். கமிட்டியில் ஒருவர், “நான் அப்பவே நெனச்சேன்” என்றார். நான்கு நாளும் அவனிடம் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றிக்கொண்டவர் அவர். அப்போது எதையும் நினைத்திருக்க முடியாது. இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று பின்னால் படித்தேன். முத்திரை விழுந்ததும் ஒருவனுடைய பழைய நடத்தையை எல்லாம் அதற்கு ஏற்றபடி திரும்ப வாசிப்பதைப் பின்னோக்கிய விளக்கம் என்கிறார்கள்.

நான் அவனைக் கூப்பிட்டு “என்னப்பா இது?” என்று கேட்கவில்லை. போனில்தான் சொன்னேன், “கமிட்டி வேற மாதிரி டிசைட் பண்ணிட்டாங்க தம்பி.” “சரி சார்” என்றான். காரணம் கேட்கவில்லை. ஏற்கெனவே பல இடத்தில் கேட்டுப் பழகியவன் குரலாக அது இருந்தது.

எங்கள் பயம் பொய்யில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019-ல் என் அம்மா காலையில் பால் வாங்கப் போனபோது, பைக்கில் வந்த இருவர் செயினைப் பறித்தார்கள். நாலு பவுன். செயின் உடனே அறுந்து வரவில்லை, ஐந்தாறு அடி அம்மாவை இழுத்துக்கொண்டே போனார்கள். கழுத்தில் இன்றும் ஒரு கோடு இருக்கிறது. புடவைத் தலைப்பைப் போர்த்தி மறைத்துக்கொள்வாள். பைக் சத்தம் பின்னால் கேட்டால் இப்போதும் நின்று திரும்பிப் பார்க்கிறாள். கமிட்டியில் கை தூக்கியபோது என் மனதில் அந்தக் கோடு இருந்தது. ஆனால் அந்தக் கோட்டுக்கும் இந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை அன்று நான் என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

ரொட்டேஷன்

இனி ஐந்தாம் தீர்மானம். எங்கள் பொருளாளர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடம் சம்பளம் வாங்காமல் எங்கள் கணக்கைப் பார்த்தவர். சங்கத்தின் பொதுச் சேமிப்பான கார்ப்பஸ் பணத்தில் போட்டிருந்த ஒரு எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்னால் உடைத்து, மகளின் கல்லூரிக்குக் கட்டியிருந்தார். ஆடிட்டர் கேட்டபோது வெளியே வந்தது. என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார், “ரொட்டேஷனுக்குத்தான் சார் எடுத்தேன். அடுத்த மாசமே போட்டுடலாம்னுதான் இருந்தேன்.”

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க ஆய்வாளர் கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களுடன் உட்கார்ந்து பேசி, 1953-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். மூன்று விஷயங்கள் சேரும்போது இது நடக்கிறது என்கிறார். வெளியில் சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம் இருக்க வேண்டும். நம்பி ஒப்படைத்த பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. ‘நான் நல்லவன்தான்’ என்ற எண்ணம் குலையாமல் அந்தக் காரியத்தைச் செய்ய, தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும். அவர் பேசியவர்களில் பலர் சொன்னது, ‘திருடவில்லை, கடனாக எடுத்தேன்’ என்பதுதான். படித்தவுடன் சோபாவும் தரையைப் பார்த்த முகமும் அந்த ‘ரொட்டேஷன்’ என்ற வார்த்தையும் கண் முன்னால் வந்தன.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது அடுத்து படித்தது. கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா இருவரும் 1957-ல் எழுதிய ஒரு சிறிய கட்டுரை. தப்பு செய்கிற இளைஞர்களுக்கும் எது சரி எது தப்பு என்று தெரியும், மனசாட்சியைக் கொஞ்ச நேரம் அமைதிப்படுத்த சில சமாதானங்களை வைத்திருக்கிறார்கள் என்று ஐந்தைச் சொல்கிறார்கள். என் பொறுப்பு இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை. அவனுக்கு இது வேண்டியதுதான். குற்றம் சொல்ல வந்தவன் மட்டும் யோக்கியமா? என் ஆட்களுக்காகத்தான் செய்தேன். அன்றைய கூட்டத்தில் பொருளாளர் வாயே திறக்கவில்லை. நாங்கள்தான் அவருக்காக ஒவ்வொன்றாகச் சொன்னோம். “பணம்தான் திரும்ப வருதே, யாருக்கு என்ன நஷ்டம்?” “பொண்ணு படிப்புக்குத்தானே எடுத்தார்.” “போலீஸுக்குப் போனா நம்ம அபார்ட்மென்ட் பேருதான் கெடும்.” “அவங்க மட்டும் என்ன ஒழுங்கா?” தெருமுனைப் பையன்களைப் பற்றி எழுதப்பட்ட பட்டியல் எங்கள் கமிட்டிக்கு அப்படியே பொருந்தியது.

எட்வின் சதர்லேண்ட் இதை முன்பே பார்த்திருந்தார். 1939 டிசம்பரில் பிலடெல்பியாவில் அமெரிக்கச் சமூகவியலாளர் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையில்தான், மதிப்பான பதவியில் இருப்பவர்கள் தங்கள் தொழிலின் ஊடாகவே செய்யும் குற்றத்துக்கு ‘வெள்ளைச் சட்டைக் குற்றம்’ என்ற பெயர் நிலைபெற்றது. குற்றத்துக்கு வறுமைதான் காரணம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் சிறைக் கணக்குகளைப் பார்த்துச் சொல்வது, சிறைக்கே போகாத குற்றங்களைக் கணக்கில் சேர்த்தால் அந்தக் கோட்பாடு நிற்குமா என்பதுதான் அவர் கேள்வி. பத்து வருடம் கழித்து 70 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து புத்தகம் போட்டார். அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணையங்களும் வழங்கிய 980 முடிவுகளை எண்ணியிருந்தார், சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு 14. ஆனால் மான நஷ்ட வழக்குக்குப் பயந்து, பதிப்பகத்தார் நிறுவனங்களின் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள். 1949-ல் பெயர் இல்லாமல்தான் வந்தது. 1950-ல் சதர்லேண்ட் இறந்துவிட்டார். பெயர்களோடு கூடிய முழுப் பிரதி 1983-ல்தான் வெளியானது. குற்றவியலின் பெரிய புத்தகங்களில் ஒன்றிலேயே பெரிய நிறுவனங்களுக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. எங்கள் நோட்டில் ‘கணக்கு வேறுபாடு’ என்று வந்ததில் ஆச்சரியம் இல்லை. சட்டப்படி அது நம்பிக்கை மோசடி. அன்றைய தண்டனைச் சட்டத்தின் 406-ம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, இப்போதைய நியாய சன்ஹிதாவின் 316-ம் பிரிவில் ஐந்து வருடம் வரை.

பெயர் வைப்பது

முத்திரைக் கோட்பாடு என்று குற்றவியலாளர்கள் சொல்வதை நான் முதலில் மேலோட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ‘திருடன் திருடன் என்று சொன்னால் திருடனாகிவிடுவான்’ என்று நம் வீடுகளில் சொல்வதுதானே என்று நினைத்தேன். அதைவிட ஆழமாகப் போகிறது. ஃபிராங்க் டானன்பாம் 1938-ல் எழுதும்போது, ஒரு சிறுவன் ஜன்னலை உடைத்தால் அவனுக்கு அது விளையாட்டு, ஊருக்கு அது கெட்ட காரியம், பிறகு மெல்ல மெல்ல ‘காரியம் கெட்டது’ என்பது ‘பையன் கெட்டவன்’ என்று மாறுகிறது என்கிறார். அவருக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. 1914-ல் வேலையில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் தேவாலயங்களுக்குப் போய்ச் சோறும் இடமும் கேட்டதற்காக ஒரு வருடம் சிறையில் இருந்தவர். எட்வின் லெமர்ட் 1951-ல் இதை இரண்டாகப் பிரித்தார். முதல் மீறலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அநேகம் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு அவனை அப்படியே நடத்தத் தொடங்கிய பிறகு, அந்த நடத்தைக்குப் பதிலாக வருகிற இரண்டாவது மீறல் வேறு ஜாதி. 1963-ல் ஹோவர்ட் பெக்கர் இன்னும் ஒரு படி போனார். மீறல் என்பது செயலின் குணமே இல்லை, மற்றவர்கள் விதியை எடுத்து ஒருவன் மேல் பொருத்துவதன் விளைவு என்றார். பெக்கர் சிகாகோ மதுக்கூடங்களில் பியானோ வாசித்தவர், ஊர் ஒதுக்கிப் பார்க்கிற ஜாஸ் கலைஞர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதைக் கண்டுகொண்டவர்.

நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ‘கேடி’ என்று சாதாரணமாகத் திட்டுகிறோமே, அது காவல் நிலையப் பதிவேட்டின் சுருக்கம். ‘நோன் டெப்ரிடேட்டர்’ என்பதன் முதலெழுத்துகள். ஒரு அலுவலக நோட்டின் தலைப்பு தெருவில் வசைச் சொல்லாகிவிட்டது. அதற்கும் முன்னால், பிறந்ததே குற்றம் என்று எழுதிய சட்டம் நம் மண்ணில் இருந்தது. 1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் இன்றும் அதை ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். என்னோடு வேலை பார்த்த நண்பர் உசிலம்பட்டிக்காரர். அவருடைய தாத்தா ராத்திரியில் வீட்டில் படுக்க முடியாது, சாவடிக்குப் போய்க் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். கல்யாணமான அன்றும் சாவடியில்தான் படுத்தாராம். நண்பர் இதைச் சொல்லும்போது குரல் உயராது, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருக்கும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதும் சட்டம் போனது. சமூகங்களுக்கு ‘சீர்மரபினர்’ என்று புதுப் பெயர் வந்தது.

கண்ணகி நகர் விஷயத்துக்கு வருகிறேன். 2000-க்குப் பிறகு கூவம் ஓரத்திலிருந்தும் நகரத்தின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக்கொண்டுவந்து, பழைய மகாபலிபுரம் சாலைக்கு அருகே 15,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீடுகளில் குடியேற்றினார்கள். செய்துகொண்டிருந்த வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, பள்ளிக்கூடமும் தள்ளிப் போய்விட்டது. சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் சிறார் குற்றங்களை நகர வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. சில பகுதிகளில் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், முதலில் ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள், பிறகு வேறு நாட்டவர், ஆனால் புள்ளிகள் அதே இடத்தில் நிற்கின்றன. அப்படியானால் குற்றம் அந்த மக்களின் ரத்தத்தில் இல்லை, அந்த இடத்தில் வாழ நேர்ந்த நிலைமையில் இருக்கிறது. நாம் இதைத் தலைகீழாகப் படித்து, இடத்தின் பெயரையே மனிதன் மேல் ஒட்டிவிட்டோம். 1876-ல் லொம்ப்ரோசோ தாடையையும் நெற்றியையும் அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியதைப் படித்தால் இன்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் விண்ணப்பத்தில் பின்கோடைப் பார்த்ததும் எங்கள் கமிட்டியில் நடந்தது அதேதான்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் டேவா பேஜர் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. ஒரே மாதிரிப் படிப்பும் பேச்சும் உள்ள இளைஞர்களை 350 வேலை இடங்களுக்கு அனுப்பினார். ஒருவருடைய விண்ணப்பத்தில் சிறைக்குப் போனவர் என்று பொய்யாக ஒரு குறிப்பு, மற்றவருக்கு இல்லை. முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். வழக்கு இல்லாத வெள்ளை இளைஞர்களை 34 சதவீத இடங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள், வழக்கு இருந்தால் 17. கறுப்பு இளைஞர்களுக்கு வழக்கு இல்லாமலேயே 14, வழக்கு இருந்தால் 5. அந்த 14-ஐப் படித்தபோது எனக்குக் கண்ணகி நகர்தான் ஞாபகம் வந்தது. ஒரு வழக்கும் இல்லாதவர்களே வேலைக்குப் போகும் இடத்தில் வேறு முகவரி சொல்கிறார்கள் என்று நாம் எத்தனை முறை செய்திகளில் படித்திருக்கிறோம்.

இதோடு நிறுத்திக்கொண்டு முத்திரைதான் எல்லாம் என்று சொல்லிவிட்டால் என் அம்மாவின் கழுத்துக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். யாரோ முத்திரை குத்தியதால்தான் அந்த இருவர் அன்று காலை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. முத்திரை விழுந்த எல்லோரும் மீண்டும் தப்பு செய்வதில்லை, ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. 1980-களில் பிரிட்டனில் ஜாக் யங், ஜான் லீ போன்றவர்கள் தங்கள் இடதுசாரி நண்பர்களிடமே இதைச் சொன்னார்கள். குற்றத்தை வெறும் பீதி என்று ஒதுக்காதீர்கள், அதில் அதிகம் அடிபடுவது ஏழைகள்தான் என்றார்கள். கண்ணகி நகரில் பறிபோகும் செல்போன்களுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புகார் கொடுக்கப் போனால் நாற்காலிகூடக் கிடைக்காது.

“அவருக்கு நீங்க செஞ்சது சரி”

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். அதுவரை படித்ததை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். “அப்ப பொருளாளர் மேலயும் கேஸ் கொடுத்திருக்கணும். அதானேம்மா நியாயம்? ரெண்டு பேருக்கும் ஒரே அளவுகோல்” என்றேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

“இல்ல சித்தப்பா. அவருக்கு நீங்க செஞ்சதுதான் சரி. எங்க பாடத்துல அதுக்குப் பேரே இருக்கு. நீங்க அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வச்சீங்க. என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. பணத்தைத் திருப்பிக் கட்ட வழி பண்ணீங்க. அடுத்த பொங்கலுக்கு அவர் வந்து பானை வச்சாரு, நானும் பார்த்தேன். அந்தப் பையனுக்கு இதுல ஒண்ணாச்சும் செஞ்சீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் கண்ணகி நகர் விளக்குகள் தெரியும். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை என் கோபமெல்லாம் ஐந்தாம் தீர்மானத்தின் மேல் இருந்தது. அந்த நிமிடம் அது நான்காம் தீர்மானத்துக்கு மாறியது. நாங்கள் பொருளாளரை மன்னித்தது தப்பில்லை. மன்னிக்கத் தெரிந்தவர்களாக இருந்துகொண்டு, அதை எங்கள் கேட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டதுதான் தப்பு.

அவள் சொன்னது ஆஸ்திரேலியாவின் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-ல் முன்வைத்த கோட்பாடு. அவமானத்தில் இரண்டு வகை என்கிறார் அவர். ஒன்று ஆளை வெளியே தள்ளிக் கதவை அடைப்பது. மற்றது, செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஆளைத் திரும்ப உள்ளே சேர்த்துக்கொள்வது. முதலாவது அவனைத் தன்னைப் போலத் தள்ளப்பட்டவர்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கும், இரண்டாவதுதான் குற்றத்தைக் குறைக்கும். ஆனால் அண்ணன் மகள் ஒரு திருத்தமும் சொன்னாள். தப்பைத் தப்பு என்று சொல்வதும் இதில் சேர்த்தி. ‘கணக்கு வேறுபாடு’ என்று எழுதி நன்றியும் சொன்னதில் அது இல்லை. 48 வீட்டில் 41 வீட்டுக்கு இன்றுவரை விஷயமே தெரியாது. ‘எடுத்தார், ஒப்புக்கொண்டார், திருப்பித் தருகிறார்’ என்று நான் எழுதியிருக்க வேண்டும். அவராலும் அதைத் தாங்கியிருக்க முடியும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏன் ஒருவரை மட்டும் உட்கார வைத்துப் பேச முடிந்தது? நார்வேயின் நில்ஸ் கிறிஸ்டி இதற்கு ஒரு கதை சொல்கிறார். ஒரு சின்னப் பூங்காவைச் சுற்றி ஒரே மாதிரி இரண்டு அடுக்குமாடி வீடுகள். ஒன்றைக் கட்டியவர் பாதியில் திவாலாகிவிட்டதால், குடிவந்தவர்கள் ஒன்றுகூடி மீதி வேலையைத் தாங்களே பார்க்க வேண்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மற்றதில் எல்லாம் கச்சிதமாக முடிந்திருந்தது, யாருக்கும் யாரையும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மனிதன் பூங்காவில் உட்கார்ந்து குடிக்கிறான், குழந்தைகள் அருகில் வருகிறார்கள், அவன் புதரோரம் போய்ச் சிறுநீர் கழிக்கத் தயாராகிறான். முதல் வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது பீட்டர், சின்ன வயதில் அடிபட்டவன், அவன் சகோதரிக்கு போன் போட்டால் போதும். இரண்டாம் வீட்டிலிருந்து பார்த்தால் குழந்தைகள் முன்னால் ஆபாசமாக நடந்துகொள்ளும் அந்நியன், போலீஸைக் கூப்பிட வேண்டும். செயல் ஒன்றுதான். ஆளை எவ்வளவு தெரியும் என்பதுதான் வேறு. பொருளாளரின் சர்க்கரை அளவு எனக்குத் தெரியும். அவர் மகள் எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று தெரியும். அந்தப் பையனைப் பற்றி எனக்குத் தெரிந்தது வெரிஃபிகேஷன் தாளின் ஒரு வரி. இல்லை, இன்னும் கொஞ்சம் தெரியும். அவன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஐந்நூறு பையன்கள்

அமெரிக்க ஆய்வாளர்களான குளூக் தம்பதியர் மாசசூசெட்ஸ் சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்த 500 பையன்களைப் பல வருடம் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அந்தக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் கிடந்தன. 1980-களில் ஜான் லாப் அவற்றைக் கண்டெடுத்தார். அவரும் ராபர்ட் சாம்ப்சனும் அதே மனிதர்களை 70 வயது வரை தேடிப்போனார்கள். பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டிருந்தார்கள். திருப்பத்தைக் கொண்டுவந்தது எது என்று பார்த்தால், நிலையான ஒரு வேலை, ஒரு நல்ல திருமணம், ராணுவச் சேவை. திருந்தியதற்குப் பரிசாக வேலை கிடைத்ததாக அவர்கள் சொல்லவில்லை. வேலை கிடைத்து, தினமும் போய் வந்து, ஒருவர் நம்பி எதையோ ஒப்படைத்து, அதிலிருந்துதான் திருந்துவது நடந்தது என்கிறார்கள். எங்கள் பையன் திருந்த வேண்டியவனா என்பதே எனக்குச் சந்தேகம். 19 வயதில் ஒரு ராத்திரிதான். ஆனாலும் நான் அந்தப் போனில் அவனிடமிருந்து பறித்தது என்ன என்று அந்தப் பக்கங்கள் எனக்குக் காட்டின.

ஜூலையில் நடந்த பொதுக்குழுவில் உறுப்பினராக ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். முடிந்துபோன சிறு வழக்கு இருப்பதை மட்டும் காரணமாக வைத்து யாரையும் மறுக்கக் கூடாது, முதலில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 31 பேர் வந்திருந்தார்கள். 9 கைகள் உயர்ந்தன, பொருளாளரின் கையும் அதில் ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். மறுபடியும் கொண்டுவருவேன்.

போன நவம்பரில், பழைய விண்ணப்பத்திலிருந்த முகவரியை எடுத்துக்கொண்டு கண்ணகி நகர் போனேன். பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கார்த்திகா அந்த ஊர்க்காரர். ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எல்லோரும் சொல்கிற நேரம் அது. சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். மாடிப்படியில் ஏறிக் கதவைத் தட்டினேன். பையனின் அம்மா வந்தார். கையில் தாளை வைத்துக்கொண்டு பையனின் பெயரை இனிஷியலோடு சொல்லிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. கதவைப் பாதி சாத்தினார்.

“என்ன கேஸு சார்?”

கேஸ் இல்லைம்மா, நான் இந்த அபார்ட்மென்ட்டிலிருந்து வருகிறேன், முன்னால் வேலைக்கு வந்தாரே என்று சொன்னேன். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவரே சொன்னார், அவன் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறான், ஒன்றரை வருடம் ஆகிறது என்று. நான் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் கவலை வேறாக இருந்தது. “அத்தை வீட்டு அட்ரஸ்தான் சார் கொடுத்திருக்கான். நீங்க அங்க போய் எதுவும் கேட்டுடாதீங்க.”

“கேக்க மாட்டேன்மா” என்றேன்.

அன்று சாயங்காலம் பம்ப் ரூமுக்குப் போனேன். புது ஆபரேட்டர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். பேனல் போர்டில் வெள்ளை டேப் துண்டுகள் ஓரத்தில் கறுத்துச் சுருண்டிருந்தன, எழுத்து மட்டும் அழியவில்லை. “இதை யாரு சார் எழுதினது? நான் வந்த முதல் நாளே இது இருந்ததாலதான் பொழைச்சேன்” என்றார்.

பெயரைச் சொன்னேன்.